ஐம்பதும் ஐம்பதும் நூறாகாத ஜாடி

ஐம்பதும் ஐம்பதும் சேர்ந்தால் எத்தனை? நூறு என்போம். ஆனால் கல்லூரி ஆய்வகத்தில் ஓர் அளவு ஜாடியில் 50 மில்லி தண்ணீரையும் 50 மில்லி எத்தனால் என்ற ஆல்கஹாலையும் ஊற்றிக் கலக்கிப் பாருங்கள். 96, 97 மில்லிதான் நிற்கும். ஒரு சொட்டும் சிந்தவில்லை; தராசில் வைத்தால் எடையும் குறையவில்லை. ஜாடியைத் தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கும். அடுப்பே இல்லாமல் வந்த சூடு!

எத்தனால் மூலக்கூறின் ஒரு முனை தண்ணீரோடு ஹைட்ரஜன் பிணைப்பால் கைகோத்துக்கொள்ளும். மறுமுனை எண்ணெய் மாதிரி, தண்ணீரோடு ஒட்டாது. அந்த முனையைச் சுற்றித் தண்ணீர் மூலக்கூறுகள் நெருக்கியடித்து நிற்பதால் இடம் மிச்சமாகிறது. வெப்பமும் வெளியேறுகிறது. எத்தனாலோடு மெத்தனாலைக் கலந்தால் இதெல்லாம் நடக்காது. இரண்டும் பங்காளிகள், அளவு ஏறக்குறைய அப்படியே இருக்கும்.

தனிம அட்டவணை தந்தாரே மெண்டலீவ், அந்த ரஷ்ய விஞ்ஞானி 1865-இல் டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ந்ததே ஆல்கஹாலும் தண்ணீரும் சேரும் விதத்தைத்தான். எடையில் ஏறத்தாழ 46 சதவீதம் ஆல்கஹால் இருக்கும்போதுதான் கலவை அதிகம் சுருங்குகிறது என்று அளந்து சொன்னார். அட்டவணை வந்தது அதற்கு நான்கு ஆண்டுகள் கழித்து. எத்தனை பொறுமையான கை அது!

இந்த ஒட்டுறவைப் பிரிப்பதும் லேசல்ல. சாதாரண அழுத்தத்தில் எத்தனை முறை காய்ச்சி வடித்தாலும் எத்தனால் எடையில் சுமார் 95.6 சதவீதத்தைத் தாண்டாது. மிச்சத் தண்ணீர் கூடவே ஆவியாகி, கூடவே வந்து சேரும்.