மரம் இல்லாதவரின் இழப்பு

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நமது பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

புயலைக் குறித்துச் சில வார்த்தைகள் பேசுமாறு நிர்வாகத்தார் நம்மைப் பணித்திருக்கிறார்கள். கடற்கரையோரம் வாழும் நமக்குப் புயல் புதிதன்று. 1952 நவம்பர் 30-இல் நாகைக் கரையைத் தாக்கிய புயலை நம் பாட்டனார்கள் கண்டார்கள். 1964 டிசம்பர் மாதத்தில் ஓர் இரவு, நூற்றுக்கும் மேற்பட்ட பயணிகளோடு ஒரு ரயிலையே கடல் கொண்டுசென்ற தனுஷ்கோடிப் புயலை நம் தந்தையர் கேள்விப்பட்டுக் கலங்கினார்கள். 1977 நவம்பர் 12-இல் வந்த புயலை வைத்தே இன்றும் சில பெரியவர்கள் தம் பிள்ளைகளின் வயதைக் கணக்கிடுகிறார்கள். நாம் நம் கண்களால் கண்டது 2018 நவம்பர் 16-ஆம் நாள் அதிகாலையில் நாகைக்கும் வேதாரண்யத்திற்கும் இடையே கரையைக் கடந்த கஜா.

முந்தைய புயல்களுக்கும் கஜாவுக்கும் ஒரு பெரிய வேற்றுமை உண்டு. முன்பெல்லாம் புயல் வருவது பலருக்குத் தெரியாமலே வந்தது. கஜா வருவதை வானிலை ஆய்வு மையம் பல நாட்களுக்கு முன்பே அறிவித்தது. ஏறத்தாழ 80,000 பேர் முகாம்களுக்கு அழைத்துச் செல்லப்பட்டார்கள். அப்படியிருந்தும் தமிழகத்தில் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்கள் பிரிந்தன. ஒவ்வொரு உயிரும் ஒரு குடும்பத்தின் விளக்கு. ஆயினும் எச்சரிக்கை இல்லாதிருந்தால் அந்த எண்ணிக்கை எங்கே போய் நின்றிருக்கும் என்பதை எண்ணி, வல்ல அல்லாஹ்வுக்கு நன்றி செலுத்தக் கடமைப்பட்டிருக்கிறோம்.

உயிர்களைக் காக்க எச்சரிக்கை உதவியது. பிழைப்பைக் காக்க அது உதவவில்லை. இன்று நாம் பேச விரும்புவது அந்தப் பிழைப்பைப் பற்றித்தான்.

அது ரபீஉல் அவ்வல் மாதத்து வெள்ளிக்கிழமை. புயலின் பாதையில் இருந்த ஊர்களில் முதலில் வடக்கிலிருந்து காற்று வீசியது. புயலின் கண் கடந்தபோது சற்று ஓய்ந்தது. புயல் போய்விட்டது என்று எண்ணிச் சிலர் கதவைத் திறந்து வெளியே வந்தார்கள். அதன்பின் தெற்கிலிருந்து மறுகாற்று புறப்பட்டது. தென்னைக்கு ஆணிவேர் இல்லை. சல்லிவேர்கள்தாம் அதைப் பிடித்து நிறுத்துகின்றன. ஒரு பக்கத்துக் காற்றில் பிடி தளர்ந்த மரங்களை மறுபக்கத்துக் காற்று சாய்த்துவிட்டது. பொழுது விடிந்தபோது பட்டுக்கோட்டை, பேராவூரணி, முத்துப்பேட்டை, வேதாரண்யம் பகுதிகளில் தோப்புகள் இருந்த இடங்களில் வானம் தெரிந்தது. லட்சத்திற்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்ததால் பல ஊர்கள் வாரக்கணக்கில் இருளில் கிடந்தன.

அரசு இழப்பீடு அறிவித்தது. விழுந்த தென்னை ஒன்றுக்கு 600 ரூபாய், அதை வெட்டி அகற்ற 500 ரூபாய், ஆக 1,100 ரூபாய். ஹெக்டேருக்கு 175 மரம் என்ற கணக்கில் 1,92,500 ரூபாய். நட்ட நெட்டைத் தென்னை நன்றாகக் காய்க்க ஆறேழு ஆண்டுகள் ஆகும். அவ்வளவு காலத்து வருவாய்க்கு இது ஈடாகுமா என்று தோப்புக்காரர்கள் கேட்டது நியாயமே. இருந்தாலும் அவர்களுடைய இழப்பை எண்ணுவதற்கு ஒரு வழி இருந்தது. மரத்தை எண்ணினார்கள், பட்டாவைப் பார்த்தார்கள், வங்கிக் கணக்கில் பணம் செலுத்தினார்கள்.

அன்பிற்குரியவர்களே! ஒரு தென்னை பட்டாதாரருக்கு மட்டுமா சோறு போட்டது? மரமேறிக் காய் பறித்தவர் யார்? மட்டை உரித்தவர் யார்? கயிறு திரித்தவர், கீற்று முடைந்தவர், ஈர்க்கைக் கிழித்து விளக்குமாறு கட்டி விற்ற மூதாட்டி, தேங்காய் லாரிக்குச் சுமை ஏற்றியவர், அவர்களுக்கெல்லாம் தேநீர் விற்றவர், இவர்களில் எவர் பெயரிலும் ஒரு மரமும் இல்லை. ஆகையால் எந்த இழப்பீட்டுப் பட்டியலிலும் அவர்கள் இல்லை. தோப்பு விழுந்த அன்று அவர்கள் எல்லோருடைய தொழிலும் ஒன்றாக விழுந்தது.

கீற்று முடையும் பெண்களின் நிலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். புயலுக்குப் பின் கால் வைக்கும் இடமெல்லாம் ஓலை கிடந்தது. விலைக்கு வாங்குவார் இல்லை. கூரை இழந்தவர்கள் நிவாரணமாகக் கிடைத்த தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டார்கள். வசதி வந்தபோது தகரம் போட்டார்கள். ஓலை நிறைந்து கிடந்த நாளில் விலை இல்லை. விலை வந்த நாளில் ஓலை இல்லை. நம் மஹல்லாவிலேயே இத்தொழிலை நம்பியிருந்த சில குடும்பங்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு திருப்பூர்ப் பக்கம் சென்றன. பெருநாளைக்கு வரும்போதுதான் அவர்களை நாம் காண்கிறோம்.

அந்நாட்களில் உதவி வரவில்லை என்று எவரும் சொல்ல முடியாது. அதே ஆண்டு ஆகஸ்டில் கேரளம் வெள்ளத்தில் தவித்தபோது தமிழகத்து மக்கள் அரிசியும் துணியும் அனுப்பினார்கள். கஜா வந்தபோது கேரள அரசு பத்துக் கோடி ரூபாய் வழங்கியது. அங்கிருந்து மின் ஊழியர்கள் வந்து நம் பகுதிக் கம்பங்களை நிமிர்த்தினார்கள். நம் பள்ளிவாசலின் மேல்தளத்தில் கூரை இழந்த குடும்பங்கள் தங்கின. ஜெனரேட்டரை ஓட்டி ஏற்றிய தண்ணீருக்கு மீனவர் தெருவும் காலனியும் நம் தெருவும் ஒரே வரிசையில் நின்றன. குடத்தைப் பார்த்து எவரும் மதம் கேட்கவில்லை. அல்ஹம்துலில்லாஹ்.

ஆனால் அந்த உதவி முதல் பதினைந்து நாட்களோடு பெரும்பாலும் முடிந்துவிட்டது. லாரிகள் நெடுஞ்சாலையிலேயே நின்றன. சாலையோரத்தில் இருந்தவருக்கு நான்கு போர்வை, உள்ளே இருந்தவருக்கு ஒன்றும் இல்லை என்ற நிலையும் இருந்தது. பசி முற்றியது ஆறாவது மாதத்தில். அப்போது கொடுக்க எவர் கையிலும் எதுவும் மிஞ்சவில்லை. பிள்ளையின் பள்ளிப் படிப்பு நின்றதும், நகை அடகில் மூழ்கியதும், வட்டிக்குக் கடன் வாங்கியதும் அந்தக் காலத்தில்தான். வட்டியைக் குறித்து மிம்பரில் நாம் எச்சரிக்கிறோம். வட்டிக்காரரின் வாசலுக்கு ஒருவரை எந்த மாதம் துரத்தியது என்பதையும் நாம் பார்க்க வேண்டாமா?

எனவே இந்தப் பொதுக்கூட்டத்தின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறோம்.

முதலாவது, பிழைப்புப் பதிவேடு. நம் ஜமாஅத்தில் சந்தாப் பதிவேடு இருக்கிறது. நிகாஹ் பதிவேடு இருக்கிறது. எந்த வீட்டில் யார், எந்தத் தொழிலால் உண்கிறார் என்ற பதிவேடு இல்லை. ஆண்டுதோறும் ஐப்பசி பிறக்குமுன் இளைஞர்கள் வீடுவீடாகச் சென்று அதை எழுத வேண்டும். தனித்து வாழும் முதியோர், கர்ப்பிணிகள், கூரை வீடுகள் ஆகியவையும் அதில் இருக்கட்டும். புயல் இரவில் யாரை முதலில் அழைத்துவருவது, பின்னர் யாருக்கு எதைக் கொடுப்பது என்ற இரண்டுக்கும் அதுவே விடை சொல்லும்.

இரண்டாவது, தனி நிதி. ஸகாத் அதற்குரிய எட்டு வகையினருக்கே சேர வேண்டியது. அதில் கை வைக்க நமக்கு அதிகாரம் இல்லை. புயல் நிதியை ஸதக்காவாகத் தனியே திரட்டுவோம். அப்போது எம்மதத்தவராயினும் அண்டை வீட்டாருக்கும் அதில் தடையின்றி வழங்கலாம். புயல் வந்தால் அந்த நிதியில் பாதியை உடனே செலவிடுவோம். மறு பாதியை ஆறாவது மாதத்திற்கென்று பூட்டி வைப்போம்.

மூன்றாவது, சற்றுக் கசப்பானது. மினாராவை உயர்த்திக் கட்டும் பணிக்கு இவ்வாண்டு வசூல் தொடங்குவதாக அறிக்கையில் காண்கிறோம். மினாரா நமக்கும் அழகுதான். ஆயினும் அதை ஓராண்டு தள்ளிவைத்து, அந்த வசூலை இந்த நிதிக்குத் திருப்புமாறு வேண்டுகிறோம். மினாராவுக்கென்று ஏற்கெனவே கொடுத்தவர்களின் பணத்தை அவர்களின் சம்மதமின்றி மாற்றக்கூடாது; அது அமானிதம். இனிமேல் கேட்கப்போகும் பணத்தைப் பற்றியே பேசுகிறோம். முடிவு உங்களுடையது.

புயல் அல்லாஹ்வின் நாட்டம், நாம் என்ன செய்ய முடியும் என்று சிலர் கேட்பார்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பிறகு இறைவன்மீது பொறுப்புச் சாட்டும்படி கற்பித்த நபி (ஸல்) அவர்களின் உம்மத் நாம். உலக முடிவு நெருங்கிவிட்ட நேரத்திலும் கையில் உள்ள கன்றை நடும்படி போதித்ததும் அவர்களே. கஜாவுக்குப் பின் நம் பகுதியில் நட்ட தென்னங்கன்றுகள் காய்க்கத் தொடங்கியிருக்கின்றன. அவற்றில் ஏறிப் பறிக்க இப்போது ஆள் கிடைப்பதில்லை என்று தோப்புக்காரர்கள் குறைப்படுகிறார்கள். அந்த ஆட்கள் எங்கே போனார்கள், ஏன் போனார்கள் என்பதை இவ்வளவு நேரம் சொன்னோம்.

வல்ல ரஹ்மான் நம் ஊரையும் அண்டை ஊர்களையும் ஆபத்துகளிலிருந்து காப்பானாக! சென்றவர்கள் திரும்பிவந்து கண்ணியமாகப் பிழைக்கும் நிலையை நம் கைகளால் உண்டாக்கித் தருவானாக! ஆமீன். வஸ்ஸலாம்.