விமோசனம் முதல் எட்டயபுரம் வரை



சத்திரம் பேருந்து நிலையத்தில் திருவரங்கப் பேருந்துக்குக் காத்து நிற்போருள் எத்தனை பேருக்கு, இவ்வூர்த் தேசியப் பள்ளியின் மாணவர் ஒருவர் 1921இல் இறுதித் தேர்வைத் துறந்து வெளியேறிய செய்தி நினைவிருக்கும்? ஒத்துழையாமை இயக்கம் அழைத்தது, அவர் சென்றார். மறு ஆண்டு சிறை. ரா. கிருஷ்ணமூர்த்தி என்ற அவ்விளைஞரைத் தமிழுலகம் பின்னர்க் கல்கி என்றே அறிந்தது.

பொதுநல அமைப்புகளில் மக்கள் தொடர்பு இயக்குநர் என்றொரு பதவி இன்று உண்டு. அப்பெயர் இங்கு வழங்கத் தொடங்குமுன்னரே அப்பணியைச் செய்தவர் அவர். திரு.வி.க.வின் 'நவசக்தி'யில் பயின்ற எழுதுகோல், திருச்செங்கோட்டை அடுத்த காந்தி ஆசிரமத்துக்குச் சென்றது. மதுவிலக்குக்கென்றே ராஜாஜி 1929இல் தொடங்கிய 'விமோசனம்' இதழில் அவர் துணையாசிரியர். பணி எளிதன்று. கள்ளுக்கடைக்குச் செல்பவன் இதழ் படிப்பவன் அல்லன். படிப்பவனோ அறிவுரை தனக்கன்று என்று எண்ணுபவன். ஆகவே அறவுரை கதையாக வேண்டியிருந்தது. அவ்வகைக் கதைகளில் முடிவு முன்னரே தெரிந்துவிடும் என்பதை மறைப்பதற்கில்லை. ஆயினும், ஒருவர் உரக்கப் படிக்க, எழுத்தறியாதவன் கேட்டு விளங்கிக்கொள்ளத்தக்க எளிய வாக்கியத்தை அவர் பழகிய களம் அதுவே எனலாம். 'ஆனந்த விகடன்' வாசகர்களை ஈர்த்த நடைக்கும் அதில் பங்குண்டு.

சேலம் மாவட்டத்தில் 1937 அக்டோபர் 1 முதல் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. வருவாய் இழப்பை ஈடுசெய்ய 1939இல் விற்பனை வரி வந்தது. இந்தச் செலவுக் கணக்கை மேடைகள் அதிகம் சொல்வதில்லை.

கவிஞர்கள் நிறைந்த இவ்வவையில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பாரதியை உலக மகாகவிகளோடு ஒப்ப வைக்க முப்பதுகளில் கல்கி மறுத்தார். கு.ப. ராஜகோபாலனும் சிட்டியும் எதிர்த்து எழுதினர். அக்கட்டுரைகள் 'கண்ணன் என் கவி' என்னும் நூலாயின. கவிதையை எடைபோட்டதில் பிழைபட்டவர் கல்கியே. விளம்பர எழுத்தில் ஊறியவருக்குக் கவிதையின் நுட்பம் பிடிபடாது என்று அன்றே சிலர் முடிவு கட்டியிருக்கலாம்.

ஆனால் எட்டயபுரத்தில் பாரதிக்கு மணிமண்டபம் வேண்டும் என்று தம் 'கல்கி' இதழில் நிதி கேட்டவரும் அவரே. வாசகர்கள் தத்தம் சக்திக்கேற்பச் சிறு சிறு தொகைகளாக அனுப்பினர். வாதத்தில் வென்றவர்களிடம், கேட்ட மாத்திரத்தில் கொடுக்கும் அத்தகைய வாசகர் கூட்டம் இருக்கவில்லை. 1945இல் அடிக்கல் நாட்டப்பட்டது. 1947 அக்டோபரில் மண்டபத்தைத் திறந்து வைத்தவர், 'விமோசனம்' நடத்திய அதே ராஜாஜி.