இரண்டாவது சூளை
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)

 

"விளையாட்டைப் பற்றி ரெண்டு வார்த்தை பேசுங்க"ன்னு சொன்னாங்க. நான் ஒருவரைப் பற்றி மட்டும் பேசுகிறேன். வி.ஜே. பீட்டர் என்ற பெயரை இங்கே எத்தனை பேர் கேள்விப்பட்டிருப்பீர்கள்?

1937இல் சென்னையில் பிறந்தவர். பெங்களூரில் உள்ள மெட்ராஸ் என்ஜினியர் குரூப் படைப்பிரிவில் சிப்பாய். கனடாவில் பனித்தளத்தில் ஹாக்கி ஆடியவர்களுக்கு அந்தக் காலத்திலேயே ஆட்டம்தான் தொழில், அதற்குத்தான் சம்பளம். நம்மவருக்கு அப்படியில்லை. ராணுவ வேலைதான் சோறு போட்டது. ஹாக்கி கௌரவம் கொடுத்தது.

அவர் ஆடிய இடம் முன்வரிசையில் 'இன்சைட்' ஃபார்வர்டு. அன்றைய ஆட்டத்தில் முன்வரிசைக்கு ஐந்து பேர். அவர்களில் நடு ஆட்டக்காரருக்கும் ஓரத்து ஆட்டக்காரருக்கும் இடையில் நிற்பவர்தான் இன்சைட். பின்னால் ஓடி வந்து பந்தை வாங்கணும், மறுபடி முன்னால் கொண்டு போய்க் கொடுக்கணும். ஓட்டம் அவருக்கு, கைதட்டல் பல நேரம் கோல் போட்டவருக்கு!

1960, ரோம் ஒலிம்பிக். 1928 முதல் ஆறு தடவை தொடர்ந்து தங்கம் வாங்கிய நாடு, இறுதி ஆட்டத்தில் பாகிஸ்தானிடம் 0-1 என்று தோற்றது. வெள்ளி வாங்கியும், நாட்டில் அதை வெற்றியாக யார் பார்த்தார்கள்? அந்த அணியில் பீட்டர் இருந்தார்.

நம்ம ஊர் பிள்ளைகளுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பீங்கான் முதல் சூளையிலிருந்து வரும்போது பளபளக்காது. பூச்சுப் பூசி இன்னொரு தடவை நெருப்புக்குள் போகணும். பீட்டரின் இரண்டாவது சூளை 1964 டோக்கியோ. அதே பாகிஸ்தான், அதே இறுதி ஆட்டம். மொகிந்தர் லால் பெனால்டி ஸ்ட்ரோக்கில் அடித்த ஒரே கோலில் இந்தியாவுக்குத் தங்கம்.

1966இல் அர்ஜுனா விருது. 1968 மெக்சிகோவில் வெண்கலம். மூன்று ஒலிம்பிக், மூன்று நிறப் பதக்கம். தம்பி வி.ஜே. பிலிப்ஸும் 1975இல் உலகக் கோப்பை வென்ற அணியில் ஆடினார். பீட்டர் 1998இல் காலமானார்.

தம்பி தங்கைகளே, அரியர் விழுந்தவர்கள், இன்டர்வியூவில் திரும்பி வந்தவர்கள் உங்களில் இருப்பீர்கள். ரோமுக்கும் டோக்கியோவுக்கும் இடையே நாலு வருஷம். அந்த நாலு வருஷத்தில் மட்டையைக் கீழே போட்டிருந்தால், தங்கம் வேறு யார் கழுத்திலோ ஏறியிருக்கும்.

என்னோடு படித்த நண்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். ஆண்டுக்கொரு தடவை கூடிச் சாப்பிட்டுக் கலைந்தால் போதாது. ஆளுக்கொரு ஹாக்கி மட்டை வாங்கித் தருவோம். பதினோரு பேர் கை வைத்தால் ஒரு அணி தயார்!