மருந்துப் பம்பும் மினி டிராக்டரும்



மலேசியாவின் சுங்காய்ப் பக்கம் மழை பிடித்துக்கொண்டால் செம்பனை வரிசைகளுக்கு நடுவே புல் மளமளவென்று ஏறிவிடும். உதிர்ந்த பழமும் கண்ணுக்குத் தெரியாது, பாம்பும் தெரியாது. புல்லை அடக்காமல் தோட்டத்தில் குலை வெட்ட முடியாது.

அதை அடக்கும் வேலையைக் காலங்காலமாகச் சுமந்தவர்கள் பெரும்பாலும் நம் பெண்கள். ரப்பர் காலத்துத் துரைமார்கள் ஒரு புல்கூட இல்லாத தோட்டமே நல்ல தோட்டம் என்று நினைத்தார்கள். மழை வந்து மேல்மண்ணை அள்ளிக்கொண்டு போனது. லாலான் என்ற முரட்டுப் புல்லைக் கொல்ல ஆர்சனிக் நஞ்சு தெளித்தார்கள். 1960களில் பராகுவாட் என்ற களைக்கொல்லி மருந்து வந்தது. காலைப் பெரட்டு, அதாவது ஆள் கணக்கெடுப்பு, முடிந்ததும் 16 லிட்டர் பம்பு முதுகில் ஏறும். மூடி கசிந்தால் மருந்து முதுகுவழியே இறங்கும். தோல் வெந்தது, மூக்கில் ரத்தம் வந்தது, நகம் கழன்றது. வயிற்றுக்குள் போனால் முறிமருந்தே இல்லாத விஷம் அது. மலேசியா அதற்கு 2002இல் தடை விதித்தது, 2006இல் தளர்த்தியது, 2020 ஜனவரி 1ஆம் தேதிதான் முழுமையாகத் தடுத்தது. இப்போது வேறு மருந்துகள் வந்துவிட்டன. பம்பு மட்டும் முதுகை விட்டு இறங்கவில்லை.

அதை இறக்கிவைக்க வழி உண்டு. சின்ன டிராக்டரின் பின்னால் ஸ்லேஷர் மாட்டி ஓட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். தட்டையான இரும்பு மூடி, அதற்கடியில் சுழலும் கத்திகள். கத்திகள் ஆணியில் தொங்குவதால், மரக்கட்டையில் இடித்தால் உடையாமல் பின்னால் மடங்கிக்கொள்ளும். அயர்லாந்துக்காரர் ஹாரி பெர்குசன் வகுத்துத் தந்த மூன்று கை இணைப்பில்தான் இதை மாட்டுகிறார்கள். அதே இணைப்பில் உரம் தூவும் கருவியும் ஏறும். மரத்துக்கு மரம் சுமார் 9 மீட்டர் இருப்பதால் சின்ன டிராக்டர் தாராளமாகப் புகுந்து வரும். வெட்டிய புல் அங்கேயே மக்கும், வேர் மண்ணைப் பிடித்துக்கொள்ளும். மருந்து அடித்துக் காய்ந்த தரைக்கு இந்தக் கொடுப்பினை கிடையாது.

எல்லா இடத்துக்கும் இது சரிவராது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மரத்தடி வட்டத்துக்குக் கைமெஷின்தான் வேண்டும். செங்குத்தான சரிவில் டிராக்டரை இறக்கவே கூடாது. லாலானை மேலாக வெட்டினால் சாகாது, மண்ணுக்கடியில் ஓடும் கிழங்கிலிருந்து மறுபடி முளைக்கும். ஆனாலும் நடைபாதைகளில் மட்டும் ஸ்லேஷர் ஓடினாலே தெளிக்கும் மருந்து வெகுவாகக் குறையும்.

ஆபத்து டிராக்டரையும் ஸ்லேஷரையும் சேர்க்கும் சுழல்தண்டில் இருக்கிறது. நிமிடத்துக்கு 540 சுற்று, அதாவது வினாடிக்கு ஒன்பது. துப்பட்டா நுனி சிக்கினால், கையை எடுக்கலாம் என்று நினைப்பதற்குள் ஆளையே இழுத்துவிடும். டிராக்டர் கவிழ்வது இன்னொரு ஆபத்து. கவிழ்ந்தால் ஓட்டுபவரைக் காக்கும் சட்டகத்தைப் புதிய டிராக்டர்களுக்குச் சுவீடன் 1959லேயே கட்டாயமாக்கியது. சட்டகம் இருந்தால் போதாது, இடுப்பு வாரையும் மாட்டவேண்டும்.

தோட்ட நிர்வாகிகளே, சிறுதோட்டக்காரர்களே, திடலுக்குப் புல் வெட்ட டிராக்டர் அமர்த்தும் கோயில், பள்ளிப் பொறுப்பாளர்களே! தண்டுக்கு உறை இல்லாத டிராக்டரை வேலைக்கு விடாதீர்கள். கத்தி சுற்றும்போது கல் தெறிக்கும், பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள். இன்னொரு வேண்டுகோளும் உண்டு. மெஷின் வந்ததும் இருக்கை ஆண்களுக்கு என்று முடிவு கட்டிவிடாதீர்கள். இத்தனை காலம் பம்பு சுமந்த பெண்களுக்கும் டிராக்டர் ஓட்டக் கற்றுக்கொடுங்கள், அந்த வேலைக்குரிய சம்பளத்தையும் கொடுங்கள்.