கூரைமேல் சூரிய மின்சாரம்: களைய வேண்டிய சில தவறான எண்ணங்கள்



வீட்டுக் கூரைகளில் சூரிய மின் தகடுகளை நிறுவும் பணி நம் நாட்டில் விரைவு பெற்றுள்ளது. 2024 பிப்ரவரியில் தொடங்கப்பெற்ற பிரதமரின் சூர்ய கர் திட்டம், 75,021 கோடி ரூபாய் ஒதுக்கீட்டில் ஒரு கோடி இல்லங்களைக் குறிக்கோளாகக் கொண்டது. இத்தகைய பெருந்திட்டம் வெற்றி பெற நிதியும் தொழில்நுட்பமும் மட்டும் போதா. மக்களுக்குச் சரியான விளக்கமும் தேவை.

வெப்பம் மிகுந்தால் மின்சாரமும் மிகும் எனப் பலர் கருதுகின்றனர். தகடு மின்சாரமாக மாற்றுவது ஒளியையே. தகட்டின் வெப்பநிலை 25 டிகிரி செல்சியசுக்கு மேல் உயரும் ஒவ்வொரு டிகிரிக்கும் அதன் மின்திறன் ஏறத்தாழ 0.3 முதல் 0.4 விழுக்காடு வரை குறைகிறது. கோடை நண்பகலில் தகடு 65 டிகிரியை எட்டினால், இழப்பு 12 விழுக்காட்டிற்குக் குறையாது. தகட்டின் அடியில் காற்றோட்டத்திற்கு இடைவெளி விடுவது இதன் பொருட்டே.

தகடு இருந்தால் மின்தடை நம்மைத் தீண்டாது என்ற எண்ணம் மேலும் ஆழமாக வேரூன்றியுள்ளது. பேட்டரியின்றிப் பொது மின்கட்டமைப்புடன் இணைக்கப்பட்ட அமைப்பில், மின்தடை ஏற்பட்டவுடன் இன்வர்ட்டரும் தானாகவே நின்றுவிடும். வெளியே வெயில் காய, உள்ளே மின்விசிறி ஓயும்போது, ஏமாற்றப்பட்டோம் என்று வீட்டுக்காரர் மனம் நோவது இயல்பே. ஆனால் அந்நேரத்தில் ஒரு வீட்டிலிருந்து மின்சாரம் கம்பியில் பாயுமாயின், பழுது நீக்கக் கம்பத்தில் ஏறியுள்ள ஊழியரின் உயிருக்கு ஆபத்து நேரும். அதைத் தடுக்கவே இந்த ஏற்பாடு. மின்தடையிலும் மின்சாரம் வேண்டுவோர் பேட்டரியும் அதற்கேற்ற இன்வர்ட்டரும் அமைக்க வேண்டும், செலவும் கூடும்.

இனி, "இலவசம்" என்னும் சொல்லைக் காண்போம். ஒரு கிலோவாட் அமைப்பிற்கு ஏறத்தாழ 10 சதுர மீட்டர் நிழலற்ற இடம் வேண்டும். அது சராசரியாக நாளொன்றுக்கு நான்கு யூனிட் அளவில் மின்சாரம் தரும். மத்திய அரசின் மானியம், முதல் இரண்டு கிலோவாட்டிற்குத் தலா 30,000 ரூபாய், மூன்றாவதற்கு 18,000 ரூபாய். உச்ச அளவு 78,000 ரூபாய். எஞ்சிய தொகை குடும்பத்தின் சேமிப்பிலிருந்தோ கடனிலிருந்தோ வர வேண்டும். பொருளாதார நோக்கில் இது, வருங்கால மின்கட்டணத்தை இன்றே மூலதனமாகச் செலுத்துவதாகும். இரவில் பொது மின்சாரத்தையே நாடுகிறோம். நிகர அளவீட்டு முறையில் வரவும் செலவும் கணக்கிடப்பட்டாலும், நிலைக் கட்டணம் போன்றவை தொடரக்கூடும். மிகுந்த கட்டணப் படிநிலையில் உள்ள குடும்பம் முதலீட்டை விரைவில் மீட்கும். குறைவாகப் பயன்படுத்திச் சலுகைக் கட்டணம் செலுத்தும் குடும்பத்திற்கு அதிக ஆண்டுகள் ஆகும். ஆதலின் விண்ணப்பிக்குமுன் கடந்த பன்னிரண்டு மாத மின்பட்டியல்களை எடுத்துப் பார்ப்பதே முதற்பணி.

பராமரிப்பே தேவையில்லை என்பதும் சரியன்று. படியும் தூசியும், தண்ணீர்த் தொட்டியின் நிழலும் உற்பத்தியைக் குறைக்கும். எனினும் முறையாகப் பேணப்படும் தகடு 25 ஆண்டுகள் பயன் தரவல்லது.

நண்பர்களே, இக்குறைகளை எடுத்துரைத்தால் மக்கள் பின்வாங்குவர் என்று அஞ்ச வேண்டியதில்லை. எதிர்பார்த்தது கிட்டாமல் ஏமாந்த ஒரு குடும்பம் அத்தெரு முழுவதையும் தயங்கச் செய்யும். தெரிந்து முதலிட்ட குடும்பமோ பத்து வீடுகளுக்கு வழிகாட்டும். கையொப்பம் பெறுமுன் உண்மையைக் கூறுவதை நம் கடமையாகக் கொள்வோமாக.