இரவில் வயலுக்கு வருவது யார்?
தானியங்கிக் கமரா வாங்க எண்ணும் கமக்காரருக்கு ஓர் உரை



திருகோணமலை நகருக்குச் செல்லும் எவரும் பிரட்றிக் கோட்டை வாயிலருகே புள்ளிமான்கள் கூட்டமாக நிற்பதைப் பட்டப்பகலிலே காண்பர். போர்த்துக்கேயர் 1624ஆம் ஆண்டிற் கட்டிய அக்கோட்டையினுள்ளும் நகரின் வீதியோரங்களிலும் அவை மனிதருக்கு அஞ்சாது உலாவுகின்றன. அவற்றைப் பார்ப்பதற்குக் கருவி எதுவும் வேண்டியதில்லை. இரு கண்கள் போதும்.

ஆனால், கந்தளாயிலும் தம்பலகாமத்திலும் மூதூரிலும் சேருவிலையிலும் குச்சவெளியிலும் காட்டோரமாக வேளாண்மை செய்யும் உங்கள் நிலை வேறு. உங்கள் நிலத்துக்கு வரும் விலங்கு இருட்டிய பின் வருகின்றது, விடியுமுன் போய்விடுகின்றது. காலையில் எஞ்சியிருப்பவை மிதிபட்ட கதிரும் கறிக்கப்பட்ட மிளகாய்க் கன்றுமே. வந்தது மான் என்பார் ஒருவர். காட்டுப்பன்றி என்பார் இன்னொருவர். அயலவரின் கட்டாக்காலி மாடு என்பார் மூன்றாமவர். மூன்றாவது பேச்சு வந்துவிட்டால் வேலித் தகராறு தொடங்கிவிடும்.

வந்தது எதுவென்று அறியாது செய்யும் செலவு வீண்செலவாகும். இதனைச் சற்று எண்ணிப் பாருங்கள். மான் வேலியைத் தாண்டிப் பாயும். ஆகவே மானைத் தடுக்க வேலி உயர்ந்திருத்தல் வேண்டும். ஓராள் உயரத்திற்கு மேலே, ஏழெட்டு அடியாவது இருந்தாற்றான் பயன்படும். பன்றியோ வேலியின் அடியை மூக்கால் நெம்பி நுழையும். அதற்கு வேலியின் அடிப்பாகம் உறுதியாக இருத்தல் வேண்டும். முள்ளம்பன்றி மண்ணைத் தோண்டி வரும். அதற்கு வலையின் அடியைக் குறைந்தது ஓரடி ஆழத்திற் புதைத்தல் வேண்டும். பன்றிக்கென அடியைப் பலப்படுத்திய தாழ்ந்த வேலி மானைத் தடுக்காது. மானுக்கென உயரக் கட்டிய மெல்லிய வலை பன்றியைத் தடுக்காது. பகைவன் யாரென்று அறியாது கோட்டை கட்டுவது எவ்வாறு?

2025ஆம் ஆண்டு மார்ச் மாதம் 15ஆம் தேதி காலை 8 மணி முதல் ஐந்து நிமிட நேரம் தத்தம் வளவிலே காணப்படும் குரங்கு, மயில், மரவணில் முதலியவற்றை எண்ணித் தருமாறு நாடெங்கும் கேட்கப்பட்டமை உங்களுக்கு நினைவிருக்கும். பகலில் வருவனவற்றுக்கு அம்முறை ஏற்கும். இரவில் வருவனவற்றுக்கு விழித்திருக்கும் கண் ஒன்று வேண்டும். அக்கண்ணே தானியங்கிக் கமரா.

இது புதுமையான எண்ணமன்று. இந்தியாவில் எவ். டபிள்யூ. சாம்பியன் என்னும் வன அதிகாரி 1920ஆம் ஆண்டுகளிலேயே காட்டுப் பாதையின் குறுக்கே இழை கட்டி, புலி அதனை இடறியதும் விளக்கு மின்னிப் படம் விழுமாறு செய்தார். அந்நாட்டிலே 2018ஆம் ஆண்டுப் புலிக் கணக்கெடுப்பில் 26,838 இடங்களில் தானியங்கிக் கமராக்கள் வைக்கப்பட்டன. நமது நாட்டிலும் சிறுத்தைகளை ஆராய்வோர் இக்கருவியையே பயன்படுத்துகின்றனர். ஆராய்ச்சியாளர் கையிலிருந்த அப்பொருள் இன்று கமக்காரர் வாங்கக்கூடிய விலைக்கு வந்துள்ளது.

வாங்குமுன் செய்யவேண்டியது

காசு செலவிடுமுன் காலடியைப் பாருங்கள். மானுக்கு மேற்றாடையில் முன்பற்கள் இல்லை. ஆகவே அது தின்ற தண்டின் நுனி பிய்த்தது போலத் தும்பு தும்பாக இருக்கும். முயல் கடித்த தண்டு கத்தியால் வெட்டியது போலச் சரிவாகத் துண்டிக்கப்பட்டிருக்கும். பன்றி புகுந்த நிலம் உழுதது போலக் கிளறப்பட்டிருக்கும். முள்ளம்பன்றி தென்னங்கன்றின் அடியையும் மரவள்ளிக் கிழங்கையும் கறிக்கும். சில வேளைகளில் முள்ளையும் விட்டுச் செல்லும். யானையின் அடையாளத்தை உங்களுக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. இவ்வடையாளங்களால் ஐயம் தீர்ந்ததாயின் கமரா வாங்கவே வேண்டாம். தீராவிடின், அல்லது எத்தனை மணிக்கு, எத்தனை உருப்படி, எந்தப் பக்கத்தால் வருகின்றன என்று அறியவேண்டின் மட்டும் வாங்குங்கள்.

கருவி வேலை செய்யும் விதம்

கமராவின் முகத்தில் வெப்பத்தை உணரும் ஓர் உறுப்பு உண்டு. சுற்றுப்புறத்திலும் பார்க்க வெப்பமான உடலொன்று அதன் முன் அசையும்போது அது கமராவை எழுப்பிவிடும். இருளிற் படமெடுப்பதற்காகக் கண்ணுக்குப் புலப்படாத செந்நிறக்கீழ்க் கதிரை வீசும் சிறு விளக்குகள் அதில் உள்ளன. படமும் நாளும் நேரமும் ஒருங்கே நினைவட்டையிற் பதிவாகும்.

இதனாலொரு குறையும் உண்டு. கச்சான் காற்று வீசும் நாட்களில், நண்பகல் வேளையிலே, நிலத்தின் சூடு விலங்கின் உடற்சூட்டை நெருங்கிவிடும். அப்போது கருவி விலங்கைத் தவறவிடும்; சூடேறிய இலை அசைந்தால் வீணாகப் படமெடுக்கும். இரவிலே இக்குறை பெரிதும் இல்லை. ஆகவே, மாலை 5 மணி முதல் காலை 7 மணி வரை மாத்திரம் வேலை செய்யுமாறு நேரம் குறிக்கும் வசதியுள்ள கமராவைத் தெரிந்தெடுங்கள். மின்கலமும் மிச்சமாகும்.

தெரிவு செய்யும்போது கவனிக்கவேண்டியவை

முதலாவது, படத்தின் அளவு. பெட்டியின் மேல் அச்சிட்ட மெகாபிக்சல் எண்ணைக் கண்டு மயங்கவேண்டாம். விலை குறைந்த பல கமராக்கள் சிறிய படத்தைக் கணக்கால் ஊதிப் பெரிதாக்கியே அவ்வெண்ணைக் காட்டுகின்றன. நெல்லுக்கு நீர் தெளித்து நிறை கூட்டுவது போன்றதே இது. அக்கமரா இரவில் எடுத்த படமொன்றைக் காட்டும்படி கடைக்காரரைக் கேளுங்கள். அதில் மானையும் மாட்டையும் வேறு பிரித்து அறிய முடிந்தாற் போதும்.

இரண்டாவது, வேகம். விலங்கை உணர்ந்து படமெடுப்பதற்கு விலையுயர்ந்த கமரா அரைச் செக்கனிலும் குறைந்த நேரமே எடுக்கும். மலிவானது ஒரு செக்கன் வரை எடுக்கலாம். ஓடும் விலங்காயின் அந்நேரத்தில் வால் மட்டுமே படத்தில் அகப்படும். ஆயின், வேலியில் உள்ள கண்டாயத்திலோ நீர் குடிக்கும் குழியிலோ விலங்கு தயங்கி நிற்கும். அவ்விடத்தில் வைப்பதற்கு மலிவான கமராவே போதும். வேகத்துக்குக் காசு கொடுப்பதிலும் பார்க்க, வைக்கும் இடத்தை அறிந்து வைப்பது சிக்கனம்.

மூன்றாவது, விளக்கு. 850 நனோமீற்றர் எனக் குறிக்கப்பட்ட விளக்கு கூடிய தூரம் வீசும். ஆனால் உற்றுப் பார்ப்போருக்கு மங்கலான செம்பொட்டாகத் தெரியும். 940 நனோமீற்றர் விளக்கு கண்ணுக்குத் தெரியாது. வீசும் தூரமோ குறைவு. வெளியான வயலுக்கு முன்னதும், ஆள் நடமாட்டமுள்ள வழிக்குப் பின்னதும் பொருந்தும். கள்ளர் கண்ணிற் படாதிருப்பதும் ஒரு பயனே.

நான்காவது, மின்கலம். விற்கும் விலையோடு கமராவின் செலவு முடிவதில்லை. பல கமராக்கள் எட்டு மின்கலங்களைக் கேட்கும். மீள மின்னேற்றக்கூடிய கலங்களை வாங்கினால் ஓரிரு போகங்களில் முதல் மீளும். ஆனால் அவற்றின் அழுத்தம் 1.2 வோல்ற்று, சாதாரண கலத்தினது 1.5 வோல்ற்று. குறைந்த அழுத்தத்தைச் சில கமராக்கள் ஏற்கமாட்டா. கைந்நூலிற் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். பழைய கலத்தையும் புதிய கலத்தையும் கலந்து இடவேண்டாம். அசையும் படம் மின்னை மிகுதியாகக் குடிக்கும். நிலைப்படமே உங்களுக்குப் போதுமானது.

ஐந்தாவது, நீரும் உப்பும். வாடைக் காற்றோடு பெரும்போக மழை வரும் மாவட்டம் நமது. பெட்டியின் மூடியில் இறப்பர் விளிம்பு முறியாது இருக்கின்றதா, மூடி இறுக்கமாகப் பூட்டுகின்றதா என்று கையால் தடவிப் பாருங்கள். நிலாவெளி, குச்சவெளி போன்ற கடலோர இடங்களில் உப்புக் காற்று மின்கலம் தொடும் உலோகத் தகட்டை அரித்துவிடும். வாரந்தோறும் உலர்ந்த துணியால் துடையுங்கள். உட்புறத்தில் ஈரமுறிஞ்சும் சிறு பொட்டணம் ஒன்றை இடுங்கள். எறும்பு கூடுகட்டாது பாருங்கள்.

ஆறாவது, தொலைபேசிக்குப் படம் அனுப்பும் கமரா. இதற்குச் சிம் அட்டையும் மாதந்தோறும் கட்டணமும் வேண்டும். பிற நாட்டுக்கென்று செய்யப்பட்டது நமது நாட்டு அலைவரிசையில் வேலை செய்யாதும் போகலாம். காட்டோர வயலில் அலை கிடைக்கின்றதா என்று முதலிற் பாருங்கள். முதன்முறையாக வாங்குவோர் நினைவட்டை உள்ள எளிய கமராவையே வாங்குவது நன்று.

ஆகவே, விலை கேட்கும்போது கமரா, மின்கலம், மின்னேற்றி, நினைவட்டை, பூட்டும் சங்கிலியும் ஆகிய ஐந்தையும் கூட்டிக் கேளுங்கள். அத்தொகை பெரிதாயின் ஐந்தாறு கமக்காரர் சேர்ந்து ஒன்றை வாங்கலாம். ஒரு வயலில் இரண்டு கிழமை வைத்தாற் போதும். பின்னர் அடுத்த வயலுக்கு மாற்றலாம். கமக்காரர் அமைப்பின் பெயரில் வாங்கினால் கணக்கும் பொறுப்பும் ஒழுங்காக இருக்கும்.

வைக்கும் முறை

மானுக்கு நிலத்திலிருந்து இரண்டரை முதல் மூன்று அடி உயரம் ஏற்றது. பன்றிக்கும் முள்ளம்பன்றிக்கும் அதனிலும் தாழ்த்தி வையுங்கள். கமராவின் முகம் வடக்கு அல்லது தெற்கு நோக்கியிருக்கட்டும். கிழக்கும் மேற்கும் நோக்கினால் வெயில் நேரே விழும். பாதைக்குக் குறுக்கே நேராக வையாது சரிவாக வைத்தால் விலங்கு நெடுநேரம் படத்துள் நிற்கும். முன்னாலுள்ள புல்லையும் கொடியையும் வெட்டிவிடுங்கள். நாளையும் நேரத்தையும் சரியாகக் குறித்து, நீங்களே ஒருமுறை முன்னால் நடந்து படம் விழுகின்றதா என்று பாருங்கள்.

படங்களைப் பார்த்தபின் நாள், நேரம், விலங்கு, தொகை ஆகியவற்றை ஒரு கொப்பியில் எழுதி வாருங்கள். பத்துப் படத்தில் மான் விழுந்தால் பத்து மான் வந்ததென்று கொள்ளவேண்டாம். ஒரே மான் பத்துமுறை நடந்திருக்கலாம். ஒரே படத்திற் காணப்படும் மிகக் கூடிய தொகையே நம்பத்தக்கது. வந்தது மாடாயின், படத்தை உரியவரிடம் அமைதியாகக் காட்டுங்கள். கோபத்திலே சொல்லும் சொல்லினும் படம் நன்றாகப் பேசும்.

எச்சரிக்கை

அன்பர்களே, இவ்வுரையின் முதன்மையான பகுதி இதுவே. கமரா கொல்லுவதற்கு உரிய கருவியன்று, காப்பதற்கு உரியது. மானையும் மரையையும் சருகுமானையும் வேட்டையாடுவது 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி குற்றமாகும். விலங்கு வரும் வழியையும் நேரத்தையும் அறிந்தபின், அவ்வழியிலே கண்ணி வைக்கவோ, உணவிலே வெடி மறைத்து வைக்கவோ, வீட்டு மின்னைக் கம்பியிற் பாய்ச்சவோ ஒருபோதும் எண்ணாதீர்கள். பன்றிக்கென வைத்த வெடியைக் கடித்து வாய் சிதைந்த யானைக்கன்றுகள் பட்டினியாற் சாகின்றன. பன்றிக்கென இழுத்த மின்கம்பியில் அகப்பட்டு மனிதரும் மாள்கின்றனர். இருட்டில் வாய்க்காலுக்கு நீர் பாய்ச்ச வரும் அயலவரையும் ஆடு தேடி வரும் பிள்ளையையும் அக்கம்பி வேறு பிரித்து அறியாது. ஒரு போகத்து விளைவு போனால் அடுத்த போகத்திற் பெறலாம். போன உயிரைப் பெற இயலாது.

யானை நடமாடும் இடத்தில் நினைவட்டையை எடுக்கத் தனியே செல்லவேண்டாம்; வெயில் ஏறிய பின் இருவராகச் செல்லுங்கள். யானை வருவது படத்தால் உறுதியானால், வனசீவராசிகள் திணைக்களத்தின் அண்மைக் காரியாலயத்துக்கு அறிவியுங்கள். மின்வேலி அமைப்பதானால் அவர்களது ஆலோசனையுடன் மட்டுமே அமையுங்கள். காப்புக் காடுகளுக்குள் அனுமதியின்றிக் கமரா வைக்கலாகாது. உங்கள் நிலத்தில் வைக்கும்போதும் அயலவரின் கிணற்றையோ வீட்டு வாசலையோ நோக்கி வையாதீர்கள். வைத்திருப்பதை அவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

முன்னாளில் நம் முன்னோர் பரணில் விழித்திருந்து பயிரைக் காத்தனர். பகல் முழுதும் உழைத்தவர் இரவு முழுதும் விழித்திருப்பது உடலுக்குத் தீங்கு. அந்த விழிப்பில் ஒரு பங்கை இக்கருவியிடம் ஒப்படையுங்கள். வருவது எதுவென அறியுங்கள், அதற்கேற்ற வேலியை இடுங்கள், விளைவைப் பெருக்குங்கள்.