அரை மணி நேரம் போதும்
(கூட்டமைப்பின் பத்தாம் ஆண்டு விழாவில் பேசியது)



எனக்கு மேடையில் பேசிப் பழக்கம் இல்லை. பத்தாவது வரை படித்தேன். எங்கள் குழுவில் கணக்கு எழுதுகிறேன். "நீ ஒரு வருஷமா தண்ணிக் கேனைத் தூக்கி இறக்கிக்கிட்டு இருக்கியே, அது எதுக்குன்னு எல்லாருக்கும் சொல்லு"ன்னு தலைவி அக்கா சொன்னாங்க. அதனால்தான் வந்து நிற்கிறேன். சிரிக்கிறவங்க சிரிச்சுக்கோங்க, கடைசி வரைக்கும் கேட்டுட்டு மட்டும் போங்க.

போன வருஷம் ஆடி மாசம் என் மாமியார் துணி துவைக்கிற கல் பக்கத்துல வழுக்கி விழுந்துட்டாங்க. எலும்பு எதுவும் முறியலை, அது கடவுள் புண்ணியம். ஆனால் அவங்களால எழுந்திருக்க முடியலை. அவங்க எடை 52 கிலோ. எனக்கு வயசு 36. அக்குளில் கை கொடுத்துத் தூக்கிப் பார்த்தேன், முடியலை. இடுப்பு பிடிச்சுக்கிச்சு. தெருவில் எல்லாரும் நூறு நாள் வேலைக்குப் போயிருந்தாங்க. வீட்டுக்காரர் கம்பெனியில். பால்காரர் வந்து கை கொடுக்கிற வரைக்கும் இருபது நிமிஷம் ரெண்டு பேரும் அந்த ஈரத் தரையிலேயே உட்கார்ந்திருந்தோம். அத்தை அழுதாங்க. நானும் அழுதேன். பதினாறு வருஷமா குடம் தூக்குறேன், அரிசி மூட்டை தூக்குறேன், இந்தக் கைக்கு இவ்வளவுதானா பலம்னு அன்னைக்குத்தான் நினைச்சேன்.

2021-ல் தொடங்கின 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் உங்களுக்குத் தெரியும். எங்க ஊர்ல வீடு வீடா பிரஷர் பார்க்க வர்ற தன்னார்வலர் நம்ம குழுப் பெண்தான். அவ சொல்லி, பிசியோதெரபி மேடம் அத்தையைப் பார்க்க வீட்டுக்கு வந்தாங்க. நாற்காலியில் உட்கார்ந்து எழுந்திருக்கிற பயிற்சியை அத்தைக்குச் சொல்லிக் கொடுத்தாங்க. அப்புறம் என் பக்கம் திரும்பி, "நீங்க என்ன பயிற்சி செய்றீங்க?"ன்னு கேட்டாங்க. "காலையில அஞ்சு மணியில இருந்து ராத்திரி பத்து மணி வரைக்கும் வேலைதான் மேடம், இதுக்கு மேல என்ன பயிற்சி?"ன்னு சொன்னேன். நீங்களும் இதைத்தான் சொல்வீங்க.

அதுக்கு அவங்க சொன்ன பதில் இது. "நீங்க தூக்குற குடம் பதினாறு வருஷமா அதே குடம். முதல் மாசம் கை வலிச்சிருக்கும். அப்புறம் உடம்பு பழகிடுச்சு. பழகின கனத்தை எத்தனை மணி நேரம் தூக்கினாலும் களைப்புதான் வரும், பலம் கூடாது. கனம் கொஞ்சங் கொஞ்சமா ஏறணும். அப்பதான் தசை வளரும்." முப்பது வயசைத் தாண்டினால் நாம சும்மா இருக்க இருக்கத் தசை குறைஞ்சுக்கிட்டே வருமாம். அத்தை எழுந்திருக்க முடியாமப் போனதுக்கும் அதுதான் காரணம்னு சொன்னாங்க.

இதைக் கேட்டு எனக்கு வேகம் வந்துடுச்சு. ஐந்து லிட்டர் கேன் ரெண்டு வாங்கினேன். தினமும் ஒரு மணி நேரம் தூக்கினேன். நிறைய நேரம் செஞ்சா நிறைய பலம் வரும்னு நினைப்பு. பத்தே நாள். தோள்பட்டை வலி வந்து சீப்பு எடுத்துத் தலை வாரக்கூட முடியலை. கேனைக் கொண்டுபோய் மாட்டுக் கொட்டகையில் போட்டுட்டேன்.

அடுத்த தடவை மேடம் வந்தப்போ திட்டினாங்க. "தினமும் ஒரு மணி நேரம்னு யார் சொன்னது? வாரத்துக்கு ரெண்டு நாள், அரை மணி நேரம் செய்யுங்க, போதும்"னாங்க. எனக்கு நம்பிக்கை வரலை. அவங்க விளக்கினாங்க. உலக சுகாதார நிறுவனம் 2020-ல் கொடுத்த அறிவுரையில், பெரியவங்க வாரத்தில் குறைஞ்சது ரெண்டு நாள் தசைக்குப் பலம் கொடுக்கிற பயிற்சி செய்யணும்னு இருக்கு. நடை மாதிரியான பயிற்சிக்கு வாரம் 150 நிமிஷம் முதல் 300 நிமிஷம்னு கணக்கு சொன்னவங்க, பலப் பயிற்சிக்கு நிமிஷக் கணக்கே சொல்லலை.

இன்னொண்ணும் சொன்னாங்க. அமெரிக்காவில் ஏற்கெனவே எடை தூக்கிப் பழகின ஆண்களை மூணு பிரிவாப் பிரிச்சு எட்டு வாரம் பயிற்சி கொடுத்துப் பார்த்திருக்காங்க. அந்த ஆராய்ச்சி 2019-ல் வெளிவந்தது. மூணு பிரிவுக்கும் வாரம் மூணு நாள். ஒரு பிரிவு ஒரு நாளைக்கு சுமார் 13 நிமிஷம்தான் செஞ்சது. மற்ற ரெண்டு பிரிவும் அதைப் போல மூணு மடங்கு, ஐந்து மடங்கு நேரம் செஞ்சாங்க. கடைசியில் பலம் மூணு பிரிவுக்கும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் கூடியிருந்தது. தசையின் பருமன் மட்டும் அதிகம் செஞ்சவங்களுக்கு அதிகம் கூடியிருந்தது. நமக்கு என்ன வேணும்? புஜம் புடைக்கணுமா? விழுந்த ஆளைத் தூக்கணும், நாமளும் விழாம இருக்கணும். அதுக்குக் குறைஞ்ச நேரம் போதும்.

2000-ல் சிட்னி ஒலிம்பிக்கில் கர்ணம் மல்லேஸ்வரி வெண்கலம் வாங்கினாங்க. ஒலிம்பிக்கில் பதக்கம் வாங்கின முதல் இந்தியப் பெண் அவங்கதான். 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் மீராபாய் சானு 49 கிலோ எடைப் பிரிவில் 115 கிலோவைத் தலைக்கு மேல் தூக்கி வெள்ளி வாங்கினாங்க. அந்தப் போட்டியில் ஒருத்தருக்கு மொத்தம் ஆறு வாய்ப்புதான். ஒவ்வொரு தூக்கும் சில நொடிதான். அவங்க பதக்கத்துக்காகப் பல வருஷம் பல மணி நேரம் பழகினவங்க, அது வேற. ஆனால் அவங்களும் ஒரு தடவை தூக்கின பிறகு நல்லா ஓய்வு எடுத்துத்தான் அடுத்ததைத் தூக்குறாங்க. இறைச்ச கிணறு ஊறும்னு சொல்வோம். ஊறுறதுக்கும் நேரம் கொடுக்கணும் இல்லையா? நான் அதைத்தான் கொடுக்காம விட்டேன்.

இப்ப நான் செய்றதைச் சொல்றேன். திங்கள், வியாழன் ரெண்டு நாள். ஐந்தே பயிற்சி. ஒண்ணு, கேனை நெஞ்சோடு அணைச்சுக்கிட்டு நாற்காலியில் உட்கார்ந்து எழுறது. ரெண்டு, முதுகு வளையாம இடுப்பைப் பின்னால் தள்ளிக் குனிஞ்சு, தரையில் இருக்கிற கேனைத் தூக்கி நிமிர்றது. மூணு, ஒரு கையைத் திண்ணையில் ஊன்றி, மறு கையால் கேனை இடுப்பு வரைக்கும் இழுக்கிறது. நாலு, சுவரில் ரெண்டு கையும் ஊன்றி உடம்பைத் தள்ளுறது. அஞ்சு, தண்ணி பாட்டிலைத் தலைக்கு மேல் தூக்குறது. ஒவ்வொண்ணும் எட்டு முதல் பன்னிரண்டு தடவை, ரெண்டு சுற்று.

நான் கணக்கு எழுதுறவ, அதனால நேரத்தையும் கணக்குப் போட்டேன். ஒரு சுற்றுக்கு 40 நொடி. பத்துச் சுற்றுக்கு 400 நொடி, அதாவது ஏழு நிமிஷம் கூட இல்லை. ஒவ்வொரு சுற்றுக்கும் பிறகு ஒண்ணரை நிமிஷ ஓய்வு, அது 15 நிமிஷம். முதலில் கை கால் அசைச்சு உடம்பைச் சூடாக்க 5 நிமிஷம். ஒத்தைக் கைப் பயிற்சிக்குக் கொஞ்சம் கூட ஆகும். எல்லாம் சேர்த்து அரை மணி நேரம். வாரத்துக்கு ஒரு மணி நேரம்தான். நாம பார்க்கிற சீரியல் ரெண்டு எபிசோடு!

கனம் போதுமான்னு எப்படித் தெரியும்? கடைசி ரெண்டு மூணு தடவை கஷ்டமா இருக்கணும், ஆனால் உடம்பு கோணக் கூடாது. ரெண்டு சுற்றிலும் பன்னிரண்டு தடவை சுலபமா வந்துட்டா அடுத்த வாரம் அரை லிட்டர் தண்ணி சேர்த்து ஊத்துங்க. ஒரு லிட்டர் தண்ணி ஒரு கிலோ, தராசே வேண்டாம். நான் சேமிப்பு நோட்டு மாதிரி ஒரு நோட்டு போட்டு, தேதி, எத்தனை லிட்டர், எத்தனை தடவைன்னு எழுதுறேன். நம்ம சந்தாவும் அப்படித்தானே? ஒரே நாளில் ஆயிரம் ரூபாய் கட்டிட்டு ஆறு மாசம் காணாமப் போறவங்களால குழு நடக்காது. சிறுசா இருந்தாலும் தவறாம கட்டுறவங்களாலதான் நடக்குது.

சில எச்சரிக்கை. தூக்கும்போது மூச்சை அடக்காதீங்க, வாயால் ஊதி வெளியே விடுங்க. பிரஷர், இதய நோய், கர்ப்பப்பை இறக்கம் உள்ளவங்க, கர்ப்பிணிகள், ஆபரேஷன் ஆனவங்க டாக்டரைக் கேட்காம தொடங்கக் கூடாது. கர்ப்பப்பை இறக்கத்தை நம்மில் நிறைய பேர் வெளியே சொல்றதில்லை. சொல்லுங்க, அதுல வெட்கப்பட ஒண்ணும் இல்லை. அப்புறம் சாப்பாடு. எல்லாருக்கும் போட்டுட்டு மிச்ச ரசத்தை ஊத்திச் சாப்பிட்டா தசை எதிலிருந்து வளரும்? முட்டை, பருப்பு, சுண்டல், கருவாடு, ஏதாவது ஒண்ணு உங்க தட்டிலும் இருக்கணும்.

ஐந்து லிட்டரில் ஆரம்பிச்ச நான் இப்ப 20 லிட்டர் கேனைத் தரையிலிருந்து பத்துத் தடவை தூக்கி நிமிர்றேன். இடுப்பு வலி முழுசாப் போகலை, ஆனால் பாதி குறைஞ்சிருக்கு. அத்தை முதலில் கை ஊன்றி மூணு தடவைதான் எழுந்தாங்க. இப்ப கை ஊன்றாம பத்துத் தடவை. போன மாசம் கோயிலில் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுட்டு, நான் கை நீட்டுறதுக்குள்ள தானே எழுந்துட்டாங்க. என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரிச்சாங்க. எனக்குக் கண் கலங்கிடுச்சு.

ஒரே ஒரு வேண்டுகோள். மாதக் கூட்டத்துக்கு வரும்போது ஆளுக்கு ஒரு காலிக் கேன் எடுத்துட்டு வாங்க. கூட்டமைப்புக் கட்டடத்தில் தண்ணிக் குழாய் இருக்கு. கூட்டம் தொடங்குறதுக்கு முன்னால அரை மணி நேரம், எப்படித் தூக்குறதுன்னு நான் கற்றுத் தர்றேன். நம்ம வீட்டில் யாராவது விழுந்தா, பால்காரர் வர்ற வரைக்கும் நாம காத்திருக்க வேண்டாம்.